நம் வாயிலில் பூநாரைகள்



ஆப்பிரிக்காவில், கென்யா நாட்டின் நகுரு ஏரித் தேசியப் பூங்கா பூநாரைக் கூட்டங்களால் உலகப் புகழ் பெற்றது. அக்காட்சிக்காக நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. நம் விக்ரோலியின் கிழக்கே, அலையாத்திக் காட்டிற்கு அப்பால், தாணே கழிமுகத்தில் அதே சிறிய பூநாரை இனம் ஆண்டுதோறும் வந்திறங்குகிறது. ஓதம் வடிந்ததும் சேற்றில் நின்று, தலை கவிழ்த்து, அலகால் நீரை வடித்து நுண்பாசியை உண்கிறது. அப்பாசியின் நிறச்சத்தே சிறகிற்குச் செம்மை தருகிறது. 2015-இல் இக்கழிமுகம் சரணாலயமாயிற்று. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஐரோலியில் படகேறிச் சென்று குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

2024 மே மாதத்தில், அண்டையிலுள்ள காட்கோபரில் விமானம் மோதி முப்பதுக்கும் மேற்பட்ட பூநாரைகள் மாண்டன. விமானத்தின் வழியை மாற்றுவது நம் கையில் இல்லை. கழிக்கரையைக் காப்பது நம் கையில் உண்டு. வேடந்தாங்கல் உழவர்கள் பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-இலேயே செங்கற்பட்டுக் கலெக்டரிடம் எழுத்தில் பெற்றவர்கள். பறவையெச்சம் கலந்த ஏரிநீர் அவர்தம் வயலுக்கு உரமாயிற்று. நமக்கோ இந்த அலையாத்திக் காடு கடற்பெருக்கைத் தாங்கும் அரண். அங்கே குப்பை கொட்டாமலும், கொட்ட விடாமலும் இருப்போமாக. அவ்வுழவர் மரபிற்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.