லயத்துக் கடையில் கிழங்கு என்ன விலை?

(சப்ரகமுவ தோட்டத் தொழிலாளரும் வடபகுதி விவசாயிகளும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)



இன்று நான் உருளைக்கிழங்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் சம்பள விசாரணையொன்றில் தொழிலாளர் சார்பில் தோன்றி, விலைவாசி விஷம்போல் ஏறிவிட்டதென்று அரைமணி நேரம் முழங்கினேன். எதிர்த்தரப்பினர் ஒரேயொரு கேள்வி கேட்டனர்: "இன்ன மாதம் தோட்டத்தில் ஒரு கிலோ கிழங்கு என்ன விலை விற்றது?" கொழும்பு விலை என் கையில் இருந்தது, தம்புள்ளை விலை இருந்தது, லயத்துக் கடையின் விலை இல்லை. சட்டம் படித்தவன் சான்றில்லாமல் வழக்காடப் போன வெட்கம் இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை.

எதிர்த்தரப்பாரிடம் இருப்பதென்ன? 1883ஆம் ஆண்டு கொழும்பில் தொடங்கிய தேயிலை ஏலத்தின் விலைகள் வாரந்தோறும் பதிவாகின்றன. ஏலத்தில் விலை சரிந்தால் மறுநாளே காகிதத்தோடு வந்து நிற்கிறார்கள். அந்தக் கொழுந்தைப் பறித்த தாய் மாலையில் வாங்கும் கால் கிலோ கிழங்கின் விலையோ கடைக்காரரின் கடன் கொப்பியோடு மறைந்துபோகிறது.

அரசாங்கம் விலைகளைத் திரட்டவில்லையா? திரட்டுகிறது. புறக்கோட்டை, தம்புள்ளை, நாரஹேன்பிட்டி விலைகளை மத்திய வங்கி வெளியிடுகிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாவட்டந்தோறும் வறுமைக்கோடு கணிக்கிறது. ஆனால் இரத்தினபுரி மாவட்டத்துக்கு ஒரே கோடுதான். நகரச் சந்தைக்கு நடந்து போகிறவருக்கும், இறக்குவானை மலையிலிருந்து பஸ்ஸுக்குக் காசு கொடுத்து இறங்குகிறவருக்கும் அதுவே அளவுகோல். கேகாலையின் தெரணியகலை, யட்டியாந்தோட்டை மலைகளுக்கும் அதே நிலைமை. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் வறியவர் 14.3 வீதம், தோட்டத்துறையில் 33.8 வீதம் என்று சொன்னதும் இதே திணைக்களமே. 2022 செப்ரெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதமென அறிவித்தார்கள். அந்த மாதம் மலைத்தோட்டத்தில் அது எத்தனை வீதம்?

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். வாரம் மூன்று கிலோ வாங்கும் குடும்பத்துக்கு, நகரத்தைவிடக் கிலோவுக்கு 40 ரூபாய் கூடுதலென்று வையுங்கள். வாரத்துக்கு 120, ஆண்டுக்கு 6,240. 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளப்படி நாலரை நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. கிழங்கு ஒன்றுக்கே இவ்வளவு! மழையால் பால்வெட்டு நின்றுபோகும் இறப்பர்த் தோட்டத்திலும், அரைப்பேர் விழும் தேயிலைத் தோட்டத்திலும் அந்த நாலரை நாள் சிறிய விடயமா?

ஆகவே தோட்டத்துக்கு ஒரு கொப்பி வேண்டும். ஒரே கடை, ஒரே கிழமை, ஒரே அளவு. நுவரெலியாக் கிழங்கா, இறக்குமதிக் கிழங்கா என்று தனித்தனியே எழுதவேண்டும். இரண்டையும் கலந்தால் கணக்கு ஒரு நாளும் நில்லாது. கைக்காசு விலை வேறு, கடன் விலை வேறு. நகரத்து விலையையும் பஸ் கட்டணத்தையும் பக்கத்தில் குறியுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டப்படி வியாபாரி விலைப்பட்டியலைக் கண்ணிற்படும்படி வைக்கக் கடமைப்பட்டவர். அதற்காகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். சம்பளம் வரும்வரை கடன் தருபவரும் அவரே.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் கமக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மாசி, பங்குனியில் உங்கள் கிழங்கு கிளம்பும்போது, 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இறக்குமதிக்கு விசேட பண்ட அறவீட்டைக் கூட்டும்படி கேட்கிறீர்கள். அது நியாயமே. அறவீடு கூடினால் மலையில் விலை ஏறுவதற்கு யாழ்ப்பாணத்தானே காரணமென்று தொழிலாளியிடம் சொல்லுவார்கள். குறைந்தால் தோட்டத்து ஏழைக்காகவே குறைத்தோமென்று உங்களிடம் சொல்லுவார்கள். அறவீடு குறைந்தபின் லயத்துக் கடையில் விலை இறங்கியதா? எத்தனை வாரம் கழித்து இறங்கியது? தோட்ட வாசலில் உங்களுக்குக் கிடைத்த விலையையும் நீங்கள் எழுதி வையுங்கள். இரு கொப்பிகளையும் பக்கம் பக்கமாக வைத்தால், இடையில் நின்ற பணம் எவ்வளவென்று தெரியும்.

சம்பள நிர்ணய சபையில் முதலாளிமாரும் தொழிலாளரும் சரிசமமாக அமர்கிறார்கள். அடுத்த முறை நம்மவர் வெறுங்கையோடு போகக்கூடாது. ஐம்பத்திரண்டு வாரக் கணக்கிருந்தால் நானே அதை அட்டவணைப்படுத்தித் தருகிறேன், கட்டணம் வேண்டாம். கொப்பிகள் பின்வாசல் மேசையில் இருக்கின்றன. படித்த பிள்ளை ஒருவரின் பெயரைத் தோட்டத்துக்கு ஒன்றாக இப்பொழுதே எழுதிக்கொடுங்கள். முதற் பதிவு வருகிற ஞாயிற்றுக்கிழமை.