கேட் போட்டா எஞ்சினை நிறுத்துங்க

நல்ல காத்து வேணும்னு கடைத்தெரு வீட்டை விட்டுட்டு ஊருக்கு வெளியே மனை பார்க்கிறவங்க நீடாமங்கலத்துலயும் இருக்காங்க. பாருங்க, தப்பில்லை. ஆனா ஊருக்கு வெளியேன்னாலே சுத்தமான காத்துன்னு நம்பிடாதீங்க. மணலி சென்னையோட ஓரம்தான். பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் அங்கதான் இருக்கு.

நம்ம ஊருக்கு வருவோம். தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில ரயில்வே கேட் விழுந்தா என்ன நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். நெல் ஏத்தின சரக்கு ரயில் நகர்ற வரைக்கும் பஸ்ஸும் லாரியும் உறுமிக்கிட்டே நிக்கும். அங்க நிக்கிறவர் இழுக்கிற மூச்சும், மூணாறு தலைப்புல ஆத்தங்கரையோரம் நடக்கிறவர் இழுக்கிற மூச்சும் ஒண்ணா? கேட் போட்டா எஞ்சினை நிறுத்துங்க. பைக்ல முன்னாடி குழந்தை உட்கார்ந்திருந்தா பஸ்ஸுக்குப் பின்னாடி ஒட்டி நிக்காதீங்க. துண்டால மூக்கைப் பொத்துறது புழுதிக்குச் சரி, 2.5 மைக்ரானுக்கும் குறைவான புகைத்துகளுக்குப் போதாது. அதுக்கு என்-95 முகக்கவசம்தான்.

மனை வாங்கப் போறீங்களா? பத்திரம் பார்க்குறதுக்கு முன்னாடி ரைஸ் மில் எந்தத் திசையில இருக்குன்னு பாருங்க. மேற்கே இருந்தா ஆனி, ஆடி மேல்காத்துல உமிச்சாம்பல் உங்க வீட்டுக்குத்தான் வரும். வடகிழக்கே இருந்தா கார்த்திகை வாடையில வரும். புரோக்கர் இதையெல்லாம் சொல்லமாட்டார். பக்கத்து வீட்டு அக்காகிட்ட, மாடியில துணி காயப்போட்டா கரி விழுதான்னு கேளுங்க. நெல் கொள்முதல் நிலையம் பக்கத்துல இருந்தா அறுவடை சமயத்துல தூசும் உண்டு.

மார்கழி, தை விடியக்காலையில குளிர்ந்த காத்து தரையோட தங்கிடும்; புகை மேலே ஏறாது. 2018 போகியன்னிக்கு அப்படித் தங்கின புகையால சென்னையில விமானங்களே தாமதமாச்சு. இழுப்பு உள்ளவங்க அந்த மாசங்கள்ல வெயில் ஏறின பிறகு நடங்க.

செல்போன்ல காட்டுற காத்துத்தர எண்ணை அப்படியே நம்பாதீங்க. சின்ன ஊர்களுக்குப் பெரும்பாலும் அங்கேயே அளக்காம, கணக்குப் போட்டுத்தான் காட்டுறாங்க. அதோட, நம்ம நாட்டுல அந்த 2.5 மைக்ரான் நுண்துகளுக்கு ஒரு நாள் வரம்பு ஒரு கன மீட்டர் காத்துக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொன்னது 15. நம்ம கணக்குல ‘திருப்தி’ன்னு வந்தாலும் அவங்க கணக்குல அது அதிகம்தான்.

இன்னொண்ணு. கதவைச் சாத்திக்கிட்டு ராத்திரி முழுக்கக் கொசுவத்தி கொளுத்துற வீட்டுக்குக் கடைத்தெருவும் ஒண்ணு, வயக்காடும் ஒண்ணு. கொசுவலை கட்டுங்க.