சரிபார்க்க இயலவில்லை

மொழிபெயர்ப்பாளரை மக்கள் நாடுவது பெரும்பாலும் ஒரு தாளைப் படித்துச் சொல்வதற்கே. 2019 மே 4, சனிக்கிழமை முற்பகலில், தில்லியில் நம் குழந்தை பயின்ற பள்ளியின் கணிப்பொறி ஆசிரியர் நம்மை அழைத்ததும் அதற்காகத்தான். தாளுக்குப் பதிலாக அங்கே ஒரு திரை இருந்தது.

ஒரே வலையமைப்பில் இணைந்த முப்பது கணிப்பொறிகள். அவற்றுள் பதினொன்றில் ஃபயர்பாக்ஸ் உலாவி ஓர் ஆங்கில அறிவிப்பைக் காட்டிற்று: துணைநிரல்களைச் சரிபார்க்க இயலவில்லை, ஆகவே அவை முடக்கப்பட்டன. பிள்ளைகள் தகாத தளங்களைக் காணாமல் தடுக்கும் துணைநிரலும் முடங்கியவற்றுள் ஒன்று. ஆறாம் வகுப்பினர் வாயிலில் வரிசையாக நின்றிருந்தனர்.

வைரஸ் புகுந்துவிட்டது என்பது ஆசிரியரின் முடிவு. இரண்டு கணிப்பொறிகளிலிருந்து அத்துணைநிரலை அவர் நீக்கியும் விட்டார். நமக்குப் பொறியின் உள்ளறிவு குறைவு; சொற்பொருள் ஓரளவு தெரியும். ஒரு விண்ணப்பத்தின்மீது ‘சான்று சரிபார்க்கப்படவில்லை’ என்று அலுவலகத்தில் குறித்தால், விண்ணப்பித்தவர் பொய்யர் என்று பொருளாகுமா? மேற்கொண்டு எதையும் நீக்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டோம்.

பழுது உண்மையில் வேறிடத்தில் இருந்தது. ஒவ்வொரு துணைநிரலும் ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் மின்னொப்பம் பெற்றிருத்தல் வேண்டும். அவ்வொப்பத்திற்குச் சான்று கூறும் இடைநிலைச் சான்றிதழ் ஒன்று அன்று காலாவதியாயிற்று. உரிய காலத்தில் அதைப் புதுப்பிக்காமல் விட்டது மொசில்லாவே. உலகெங்கும் துணைநிரல்கள் ஒருங்கே குற்றவாளிகளாக நின்றன.

பின் ஏன் பதினொன்று மட்டும்? இதுதான் ஆசிரியரை மிகவும் குழப்பிற்று. கம்பியையும் இணைப்புப் பெட்டியையும் ஐயுற்றுக் கழற்றி மாட்டினார். உலாவி ஒப்பங்களை 24 மணிக்கு ஒருமுறைதான் சோதிக்கிறது. ஒவ்வொரு கணிப்பொறிக்கும் அந்த நேரம் வேறு. எஞ்சிய பத்தொன்பதும் நலமாக இருக்கவில்லை. அவற்றின் முறை வரவில்லை, அவ்வளவே. நாம் பேசிக்கொண்டிருக்கையிலேயே பன்னிரண்டாவது விழுந்தது.

பழுது பார்க்கும் இளைஞர் தொலைபேசியில் இரண்டு வழிகள் கூறினார். ஒன்று, கடிகாரத்தைப் பின்தள்ளுவது. மையக் கணிப்பொறியின் கடிகாரத்தோடு 5 நிமிடத்திற்கு மேல் வேறுபட்டால், விண்டோஸ் வலையமைப்பு பொதுவாக உள்நுழைவையே மறுத்துவிடும், அது கைவிடப்பட்டது. மற்றது, ஒப்பச் சோதனையையே நிறுத்திவிடுவது. பள்ளியில் இருந்தது நிறுவனங்களுக்கான நீள்கால ஆதரவுப் பதிப்பு. அதில் இவ்வசதி உண்டு. ஒரு நொடி வேலை, வகுப்பும் நடந்திருக்கும். ஆசிரியரின் கை சுட்டியின்மேல் இருந்தது.

முப்பதிலும் அதைத் திரும்ப இயக்குவது யார், என்று என்று கேட்டோம். ஒப்பமில்லாத எதையும் ஒரு பிள்ளை விளையாட்டாக நிறுவிவிடலாமே! ‘தற்காலிக ஏற்பாடு’ என்ற குறிப்போடு தொடங்கியவை அதை எழுதியவர் ஓய்வு பெற்ற பின்னும் நீடித்ததை நம் அலுவலகத்தில் கண்டிருக்கிறோம். ஆசிரியர் சற்று வருத்தத்தோடு இணையத்தைத் துண்டித்தார். பிள்ளைகள் அன்று தட்டச்சுப் பயிற்சி செய்தனர், அவர்களுக்கும் வருத்தமே.

மறுநாள், மே 5 அன்று, திருத்திய பதிப்பு 60.6.2 வெளியாயிற்று. இணைப்பு மெதுவானது என்பதால் தானியங்கிப் புதுப்பிப்பைப் பள்ளி முன்பே நிறுத்தி வைத்திருந்தது. எனவே திங்களன்று ஆசிரியர் அதை ஒருமுறை மட்டும் இறக்கிப் பொதுக் கோப்புறையில் வைத்தார். ஒரு கணிப்பொறியில் நிறுவி, ஒரு பாடவேளை முழுதும் கவனித்தார். முடங்கிய துணைநிரல் தன் தடைப்பட்டியலோடு எழுந்து வந்தது. அதன் பின்னரே மற்றவற்றில் நிறுவினார். முன்பு நீக்கிய இரண்டில் மட்டும் பட்டியல் அழிந்து போயிருந்தது. மதிய உணவு வேளையில் அமர்ந்து, ஒவ்வொரு முகவரியாக அவரே மீண்டும் தட்டினார்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. 2025 மார்ச் 14 அன்று ஃபயர்பாக்ஸின் மூலச் சான்றிதழ் ஒன்றும் காலாவதியாயிற்று. இம்முறை மொசில்லா முன்கூட்டியே எச்சரித்தது. விண்டோஸ் 7 உள்ள பழைய கணிப்பொறிகளை உங்கள் ஊர்ப் பள்ளி இன்னும் வைத்திருந்தால், உலாவியின் உதவிப் பட்டியலில் பதிப்பெண்ணைப் பாருங்கள். அவற்றுக்குரிய 115 வரிசையில் 115.13 அல்லது அதற்கு மேற்பட்ட எண் இருத்தல் வேண்டும். புதிய கணிப்பொறிகளில் 128 அல்லது அதற்கு மேல்.