தரையில் ஒட்டிய பிசினும் மூலையில் இருக்கிற போத்தலும்

(பங்களாக்களிலும் சிறுவர் நிலையங்களிலும் வேலை செய்வோருக்கான கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்னைக்கு நான் பேசப்போறது பலகைத் தரையைப் பற்றி. "நம்ம காம்பராவில சீமெந்துத் தரைதானே, பலகை நமக்கு எதுக்கு?" என்று பின்னால யாரோ சொல்றது கேட்குது. சரிதான். ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப்பேர் காலையில போய்த் துடைக்கிறது பலகைத் தரையைத்தானே? பெரிய பங்களா, சின்னதுரை பங்களா மட்டும் இல்லை. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1996ஆம் ஆண்டு ஹோட்டலாக மாறியது. அதற்குப் பிறகு பொகவந்தலாவைப் பக்கத்தில் பழைய துரைமார் பங்களாக்களும் விருந்தினர் விடுதிகளாகிவிட்டன. நம்ம பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது அந்த மாதிரி இடங்களில் வேலை செய்கிறார்கள். அங்கே தரைதான் முதல் வேலை.

தரையில் ஒட்டுகிற சாமான் எதுவென்று உங்களுக்கே தெரியும். பாணி, டின்பால், சீனி போட்ட தேத்தண்ணி ஒரு பக்கம். கொண்டாட்டத்துக்கு ஒட்டிய டேப், கம்பளத்துக்கு அடியில் இருந்த பசை, சுவிங்கம், மெழுகுவர்த்தி இன்னொரு பக்கம். இதை எடுக்கத் தெரியாமல் கையில் கிடைத்ததை ஊற்றித் தேய்ப்பதால் இரண்டு கேடு வருகிறது. ஒன்று தரைக்கு, மற்றது வீட்டுக்கு.

முதலில் தரையைச் சொல்கிறேன். நாம் துடைப்பது பலகையை அல்ல, பலகைக்கு மேலே பூசியிருக்கிற பொலிஷை. அது கடதாசி மாதிரி மெல்லியது. சில தரையில் தகரத்தில் வருகிற மெழுகு பொலிஷ். சில தரையில் வார்னிஷ். மிகப் பழைய பங்களாக்களில் அரக்கைக் கரைத்துப் பூசிய பொலிஷும் இருக்கலாம். மூன்றுக்கும் மூன்று குணம். காயத்துக்குப் பூசுகிற ஸ்பிரிட் அரக்குப் பொலிஷைக் கரைத்துவிடும். தின்னர் வார்னிஷைக்கூட இளக்கிவிடும். டர்பன்டைன் மெழுகை எடுத்துவிடும். அப்படிப் போன இடத்தைச் சரிபண்ண வேண்டுமென்றால், மெழுகு என்றால் திரும்பப் பூசலாம், வார்னிஷ் என்றால் பாஸ் கூப்பிட்டு இழைக்க வேண்டும். ஒரு பலகையை எத்தனை தரம்தான் இழைப்பது? பழி யார் தலையில விழும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே எதையும் முதலில் அலுமாரிக்குப் பின்னால், ஆள் கண் படாத மூலையில் வைத்துப் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணி விட்டு பத்து நிமிஷம் பொறுங்கள். வெள்ளையாகப் பூத்தால் மெழுகு. முத்து மாதிரி அப்படியே நின்றால் வார்னிஷ் நல்லா இருக்கு. உள்ளே இறங்கிக் கறுத்தால் பொலிஷ் தேய்ந்துபோன வெறும் பலகை. அதில் தண்ணியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். எண்ணெய் பட்டால் அந்தக் கறை போகவே போகாது.

இனி ஒட்டினதை எடுக்கிற விதம். சீனி, பாணி, டின்பால் எல்லாம் தண்ணியில் கரைகிற சாதி. அதற்கு மருந்தே வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணியில் துணியை நனைத்து நல்லாப் பிழிந்து, ஒட்டின இடத்தில் இரண்டு நிமிஷம் போட்டு வையுங்கள். ஊறினதும் துடைத்தால் வந்துவிடும். வாளியோடு ஊற்றிவிடாதீர்கள். மலைநாட்டில் மழை மாதத்தில் பலகை இடுக்கில் போன தண்ணி கிழமைக் கணக்கில் காயாது, பலகை ஓரம் தூக்கிக்கொள்ளும். துடைத்த கையோடு உலர்ந்த துணியாலும் ஒருதரம் துடையுங்கள்.

டேப் பசை, ஸ்டிக்கர் பசை தண்ணிக்கு மசியாது. அதற்குத்தான் நம்ம அம்மாமார் காட்டிய வழி இருக்கிறது. பலாக்காய் வெட்டும்போது கையிலயும் கத்தியிலயும் என்ன தடவுவோம்? தேங்காய் எண்ணெய். பலாப்பால் ஒட்டின கையைச் சவர்க்காரம் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது, எண்ணெய் தடவினால் திரண்டு வந்துவிடும். டேப் பசைக்கும் அதே கதைதான். துணி நுனியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு, பசையின் மேல் மட்டும் தடவி, கால் மணித்தியாலம் விட்டுவிடுங்கள். பிறகு பழைய பிளாஸ்டிக் அடிமட்டத்தைச் சாய்த்துப் பிடித்து, மர ரேகை ஓடுகிற பக்கமாகவே மெல்லத் தள்ளுங்கள். பிளேட், கத்தி, கம்பிச் சுருள் மூன்றும் வேண்டாம். கடைசியில் இரண்டு சொட்டு சவர்க்காரத் தண்ணி தொட்ட துணியால் எண்ணெயை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆள் வழுக்கி விழும், தூசியும் அப்பும்.

மெழுகும் சுவிங்கமும் சூட்டுக்கு இளகும், குளிருக்கு இறுகும். ஐஸ் கட்டியை ஒரு பொலித்தீன் பையில் போட்டு மேலே வையுங்கள். இறுகினதும் அடிமட்டத்தால் தட்டினால் தெறித்து வரும்.

சில நேரம் எதுவும் கொட்டாமலே தரை முழுக்கப் பிசுபிசு என்று இருக்கும். அது பழைய பொலிஷ் மேலேயே கிழமைக்குக் கிழமை புதுப் பொலிஷ் அப்பினதால் வருவது. அதிகம் பூசினால் அதிகம் மினுங்கும் என்று நினைக்கிறோம், அப்படியில்லை. கொஞ்சமாகப் பூசிக் காயவிட்டு, தேங்காய் மட்டையைப் பாதியாக வெட்டிக் காலால் தேய்ப்பார்களே பழைய ஆட்கள், அந்தத் தேய்ப்பில்தான் மினுக்கம் வருகிறது.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். "இவ்வளவு பாடு எதுக்கு? கொஞ்சம் மண்ணெண்ணெய் போட்டால் போச்சு" என்கிறீர்கள். போகும்தான், நான் பொய் சொல்லவில்லை. பசையும் போகும், மெழுகு பொலிஷும் போகும். நாற்றம் மட்டும் போகாது. பெற்றோலும் தின்னரும் அதைவிட மோசம். அவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு தரையாக ஊர்ந்து போகும். அடுத்த அறையில் அடுப்பு எரிந்தால் அங்கே போய்ப் பற்றிக்கொள்ளும். குனிந்து தேய்க்கிற உங்கள் முகம் எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதோடு முடியவில்லை. பங்களாவில் மிஞ்சினதை "வீட்டுக்கு உதவும்" என்று சோடாப் போத்தலில் ஊற்றிக் கொண்டுவருகிறோம். லயத்துக் காம்பராவில் அது எங்கே இருக்கும்? அடுப்படியில், தண்ணிப் போத்தலுக்குப் பக்கத்தில். விளையாடிவிட்டுத் தாகத்தோடு வருகிற மூன்று வயதுப் பிள்ளைக்கு மண்ணெண்ணெயும் தண்ணியும் ஒரே நிறம்தானே!

அப்படி ஒரு பிள்ளை குடித்துவிட்டால், தயவுசெய்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நம்ம ஆட்கள் தொண்டையில் விரலை விடுவார்கள், உப்புத் தண்ணி, பால், எண்ணெய் கொடுப்பார்கள். எல்லாமே கேடு. வயிற்றுக்குள் போன மண்ணெண்ணெயைவிட, வாந்தியோடு திரும்பி நுரையீரலுக்குள் போகிற கொஞ்சம்தான் பிள்ளையைக் கொல்கிறது. நனைந்த உடுப்பைக் கழற்றி, தோலைச் சவர்க்காரத்தால் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. போத்தலையும் கையோடு எடுத்துப் போய் டொக்டரிடம் காட்டுங்கள். பிள்ளை சும்மா சிரித்துக்கொண்டிருக்கிறதே என்று நின்றுவிடாதீர்கள், இருமலும் மூச்சுத் திணறலும் சில மணித்தியாலம் கழித்தும் வரும்.

ஆயம்மாமாருக்கு ஒரு வார்த்தை. சிறுவர் நிலையத்தில் பிள்ளைகள் தவழுகிற தரைக்கு இந்தச் சாமான் எதுவுமே வேண்டாம். கக்கூஸ் கழுவுகிற அசிட்டையும் வெளுக்கிற குளோரினையும் ஒரே வாளியில் கலக்கவும் வேண்டாம். அதிலிருந்து கிளம்புகிற வாயு மூச்சை அடைத்துவிடும்.

தின்னர் போட்டுத்தான் ஆகவேண்டும் என்று மேலே இருந்து சொன்னால், "மூலையில் பார்த்துவிட்டுப் போடுறேன் ஐயா, ஜன்னலைத் திறந்து வைக்கணும், அடுப்பை அணைக்கணும், கையுறை வேணும்" என்று கேளுங்கள். பயப்படாமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை. கேட்டுக் கிடைக்காவிட்டால் என்னிடம் வந்து சொல்லுங்கள், நான் பேசுகிறேன். மிஞ்சினது பங்களாவிலேயே, பெயர் எழுதிய தகரத்தில், பூட்டின அலுமாரியில் இருக்கட்டும்.

இன்னொன்று, துடைத்த துணி. லின்சீட் ஒயில் கலந்த பொலிஷ் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், நெருப்புக்குச்சி இல்லாமலே தானாகச் சூடேறிப் பற்றும். சாக்கு, விறகு பக்கத்தில் போடவே கூடாது. வெளியில் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள். மழை என்றால் மூடியுள்ள தகரத்தில் தண்ணி ஊற்றி அதற்குள் போட்டு வையுங்கள்.

கேள்வி இருந்தால் இப்போது கேட்கலாம். ஒட்டுகிற சாமான் எதுவும் கொண்டு வந்திருந்தால் அந்தப் பலகைத் துண்டில் வைத்துச் செய்து பார்ப்போம், எண்ணெயும் அடிமட்டமும் மேசையில் இருக்கு.