வெயிலும் ஆறாப்புண்ணும்
(அறந்தாங்கியில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

வயலிலும் கடலிலும் வெயிலோடு வளர்ந்த நமக்குத் தோற்புற்றைப் பற்றிப் பிரசங்கம் எதற்கென்று சிலர் நகைக்கக்கூடும். அந்நகைப்பில் பாதி நியாயம் உண்டு. நமது தோலிலுள்ள மெலனின் என்னும் கருநிறப் பொருள் சூரியனின் புறஊதாக் கதிர்களைப் பெரிதும் தடுக்கின்றது. ஆஸ்திரேலியாவில் குடியேறிய வெள்ளையரிடையே மலிந்திருக்கும் இந்நோய் நம்மிடையே அரிதாயிருப்பது அதனாலேயே. கறுப்பை இழிவென்றெண்ணி முகப்பூச்சுக்குப் பணத்தை இறைப்போர் இதனைச் சற்றே சிந்திப்பாராக.

ஆயினும், அரிது என்பது இல்லை என்பதாகாது. கருமச்சப் புற்று நம்மவர்க்குப் பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் ஒளிந்து வருகின்றது. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரலில் 1977-ல் காணப்பட்ட இப்புற்று, 1981-ல், 36-ஆம் வயதில், அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. வரப்பில் வெறுங்காலுடன் நடக்கும் நாமோ, முள் தைத்த தழும்பென்று வாளாவிருக்கின்றோம். நகத்தில் அடிபட்ட கறை நகம் வளர வளர முன்னகர்ந்து மறையும். நகராமல் அகன்றுவரும் கருங்கோட்டை வைத்தியரிடம் காட்டியே தீரவேண்டும்.

தீச்சுட்ட பழைய வடுவிலும், ஆண்டுக்கணக்கில் ஆறாத கால்புண்ணிலும் புற்று எழுவதுண்டு. வேஷ்டியையும் புடவையையும் இறுகக் கட்டுவதால் இடுப்பில் புற்று உண்டாவதுண்டு. வேஷ்டியால் உண்டாகும் புற்றை, 1945-ல் பம்பாய் வைத்தியர்களான கானோல்கரும் சூரியபாயும் எழுதி வெளியிட்டனர். நமது பெண்மக்கள் இடுப்புப் புண்ணை நாணத்தால் மறைத்துவிடுகின்றனர். அதுவே பெருங்கேடு.

சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்தால் புற்று பரவும் என்ற பேச்சு வெறும் பீதி. தொடக்கத்திலேயே கண்டால் அறுத்தெடுத்துப் பெரும்பாலும் குணமாக்கலாம். தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். அவர் பிறந்த ஊர் நம் புதுக்கோட்டையே.

வெயிலை அறவே மறந்துவிடவும் கூடாது. பிறவியிலேயே வெண்தோலும் வெண்மயிரும் உள்ள குழந்தைகளுக்கு மெலனின் காவல் இல்லை. அவர்களைக் காலை 10 மணி முதல் மாலை 4 மணிவரை வெயிலில் நிறுத்தலாகாது. குடையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். பள்ளி மைதானத்தில் அவர்களுக்கு நிழல் கொடுக்கும்படி உபாத்தியாயர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். ஏனையோர் இன்றிரவே தத்தம் வீட்டுப் பெரியோரின் உள்ளங்கால்களை விளக்கொளியில் பார்த்து, ஒரு மாதமாகியும் ஆறாத புண் இருப்பின் அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார்களாக.