இங்கிலீஷ் யார் வீட்டுச் சொத்து?

(ஒரு கிராம வாசகசாலையில் பெரியவர்களுக்கான இரவு இங்கிலீஷ் வகுப்பைத் துவக்கி வைத்துப் பேசியது)



இந்த வகுப்பைத் துவக்கி வைக்க நம்மைக் கூப்பிட்டதற்குக் காரணம், நாம் இங்கிலீஷில் பெரிய பண்டிதர் என்பதல்ல. நாம் காலேஜ் வாசற்படி ஏறினவரல்லர். ஓர் அகராதியையும் பழைய பத்திரிகைக் காகிதங்களையும் வைத்துக்கொண்டு தட்டித் தடவிக் கற்றவர் என்பது தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆகையால் நம்மிடம் இலக்கணப் பிரசங்கத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

பாங்கியிலிருந்து ஒரு காகிதம் வருகிறது. அல்லது டெலிபோனில் ஒரு செய்தி வருகிறது. உடனே அதைத் தூக்கிக்கொண்டு நாலு தெரு அலைகிறோம். வாசித்துக் காட்டுகிறவன் சொன்னதுதான் சட்டம். அவன் ஒரு வரியை விட்டுவிட்டு வாசித்தாலும் நமக்குத் தெரியப் போவதில்லை. எழுதியிருப்பது இன்னதென்று தெரியாமல் கையெழுத்துப் போடுவதற்கும் பெருவிரல் ரேகை வைப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம். அந்தக் காகிதம் தமிழில் வரவேண்டுமென்று கேட்பது நம் உரிமை. அதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் அது வந்து சேருகிற வரையில் நம் பணமும் நிலமும் அடுத்தவன் நாக்கில் தொங்க வேண்டுமா?

இதைச் சொன்னால், “அதெல்லாம் படித்த சாதிக்கு வரும், நமக்கு நாக்குத் திரும்பாது” என்கிறார்கள். இந்த எண்ணத்தைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும். இங்கிலீஷ் ஆகாயத்திலிருந்து குதித்த பாஷையல்ல. அதன் சொந்த நாட்டிலேயே அது வேலைக்காரன் பாஷையாக இருந்த காலம் உண்டு. 1066-ல் நார்மன் என்கிற கூட்டத்தார் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அது முதல் அரண்மனையிலும் கோர்ட்டிலும் பிரஞ்சு. கோவிலிலும் ஏட்டிலும் லத்தீன். வயலிலும் மாட்டுக் கொட்டிலிலும்தான் இங்கிலீஷ். மாட்டுக்கு ‘ஆக்ஸ்’ என்றும் ஆட்டுக்கு ‘ஷீப்’ என்றும் சொல்லும் பாஷையில், அவற்றின் இறைச்சி சாப்பாட்டு மேஜைக்கு வந்தவுடன் ‘பீஃப்’, ‘மட்டன்’ என்று ஆகிவிடுகிறதே, ஏன்? முன்னது மேய்த்தவன் பேச்சு. பின்னது தின்றவனிடமிருந்து வந்த பிரஞ்சுச் சொல். குடிமக்களுக்குப் பிரஞ்சு புரியவில்லை, ஆகவே கோர்ட்டில் வழக்கை இங்கிலீஷில் பேசலாம் என்று அந்நாட்டில் சட்டம் செய்ததே 1362-ல்தான். தன் வழக்கைத் தன் காதால் கேட்க அவர்களே முந்நூறு வருஷம் காத்திருந்தார்கள்.

அடுத்தபடி எல்லோரும் பயப்படுவது எழுத்துக் கூட்டலுக்கு. ‘நைஃப்’ என்று சொல்லுகிறான், எழுதும்போது முன்னால் ஒரு ‘கே’ போடுகிறான். இது நம் மூளைக் குறைவல்ல. அந்தக் ‘கே’யை ஒரு காலத்தில் வாயாலும் சொன்னார்கள். 1476-ல் காக்ஸ்டன் என்பவர் அங்கே அச்சுக்கூடம் வைத்தார். அதன் பிறகு எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக ஒரே இடத்தில் நின்றுவிட்டது. வாய்ப்பேச்சோ நடந்து போய்விட்டது. நாம் மட்டும் என்ன? ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்று எழுதுகிறோம், ‘வந்துக்கிட்டிருக்கான்’ என்றுதானே பேசுகிறோம்?

சில இடத்தில் பண்டிதர் செய்த குறும்பும் உண்டு. கடனுக்கு இங்கிலீஷில் ‘டெட்’ என்று பெயர். அதன் நடுவே ஒரு ‘பி’ எழுத்து உட்கார்ந்திருக்கும். அதை அங்கே யாரும் உச்சரித்ததே இல்லை. பிரஞ்சிலிருந்து வந்தபோது அந்த எழுத்து கிடையாது. லத்தீன் மூலத்தில் அது இருந்ததாம். ஆகவே மூலத்தின் பெருமை தெரிய வேண்டுமென்று படித்தவர்கள் பிற்பாடு நுழைத்தார்கள். கடன் வாங்காதவன் நுழைத்த எழுத்தை, கடன்பட்டவன் பிள்ளை இன்றைக்கும் மனப்பாடம் செய்கிறான்! (சிரிப்பு) இலக்கண விதிகளிலும் இப்படியே. வாக்கியத்தின் கடைசியில் ‘வித்’, ‘டு’ போன்ற சொல் வரலாகாதென்று 1672-ல் டிரைடன் என்ற கவி குறை சொன்னார். பின்வந்த வாத்தியார்களில் பலர் அதையே விதியாக்கிப் பிள்ளைகளை மிரட்டினார்கள். இங்கிலீஷ்காரர்கள் அன்றும் அப்படித்தான் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் பெரும்பாலோர் எப்படிப் பேசுகிறார்களோ அதுவே பாஷை.

இனி, தமிழனுக்கு உண்மையாகவே கஷ்டமானது எது என்று பார்ப்போம். “நான் நேற்று சந்தையில் ஒரு மாடு வாங்கினேன்” என்கிறோம். நமக்கு வினை கடைசியில் வருகிறது. அவனுக்கு ‘நான்’ என்றவுடனே ‘வாங்கினேன்’ வரவேண்டும், பிறகு மாடு, பிறகு சந்தை, பிறகு நேற்று: “ஐ பாட் எ புல்லக் இன் தி மார்க்கெட் யெஸ்டர்டே.” நாம் ‘சந்தை’ என்று சொல்லிப் பின்னால் ‘இல்’ ஒட்டுகிறோம், அவன் ‘இன்’ என்று முன்னால் வைத்துப் பிறகு சந்தையைச் சொல்லுகிறான். இந்த இரண்டு திருப்பங்களும் வாயில் படிந்துவிட்டால் வேலையில் பெரும்பகுதி முடிந்தது. படிய வைப்பதற்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கிணற்றடியிலும் வண்டியிலும் சொல்லுங்கள். யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

மற்றபடி நம் பாஷையை விட அது லேசான இடங்களும் பல. நாம் ‘வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தார்கள்’ என்று ஒரு வரவுக்கு எத்தனை வால் போடுகிறோம்! அவனுக்கு எல்லாம் ‘கேம்’ ஒன்றுதான். கலெக்டரும் ‘கேம்’, குப்பை வண்டிக்காரரும் ‘கேம்’. நீ என்பதற்கும் நீங்கள் என்பதற்கும் ‘யூ’ ஒன்றே. இந்த ஊரில் நரைத்த கிழவரைப் பார்த்து மிராசுதார் வீட்டுப் பத்து வயதுப் பையன் ‘வாடா, போடா’ என்று சொன்ன காலத்தைக் கண்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். இங்கிலீஷில் அப்படிச் சொல்ல ஒரு சொல் தேடினாலும் அவ்வளவு சுலபத்தில் அகப்படாது.

ஆனால் அதுவும் பிறவியிலேயே சமத்துவமாக இருந்த பாஷையல்ல. பழைய இங்கிலீஷ்காரன் கீழானவனைத் ‘தௌ’ என்றும், மேலானவனை ‘யூ’ என்றும்தான் கூப்பிட்டான். பதினேழாம் நூற்றாண்டில் குவேக்கர் என்ற கூட்டத்தார் தோன்றி, மனிதரில் மேல் கீழ் இல்லையென்று சொல்லி, நீதிபதியையும் ‘தௌ’ என்றே அழைத்தார்கள். பெரிய மனிதர் முன் தொப்பியைக் கழற்றவும் மறுத்தார்கள். அடிபட்டார்கள், சிறைக்கும் போனார்கள். கடைசியில் பாஷை வேறு வழியில் போயிற்று: எல்லோருக்குமே ‘யூ’ கிடைத்துவிட்டது. இதனால் அந்நாட்டில் பிரபுத்துவம் ஒழிந்துவிட்டதென்று நாம் சொல்ல வரவில்லை.

எத்தனை வார்த்தை வேண்டும் என்று கேட்பீர்கள். 1930-ல் ஆக்டன் என்பவர் 850 சொற்களைப் பொறுக்கியெடுத்து, இவற்றைக் கொண்டே சாதாரண காரியங்களையெல்லாம் சொல்லலாம் என்று ஒரு திட்டம் வெளியிட்டார். அதில் வினைச்சொல் பதினெட்டேதான். திட்டத்தில் குறை உண்டு: சொல் குறையக் குறைய, ‘கெட் அப்’, ‘புட் ஆஃப்’ என்று சொற்களைக் கூட்டிப் புதுப் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது, அவற்றைத் தனியாகக் கற்க வேண்டும். ஆனாலும் அகராதியை ‘ஏ’யிலிருந்து மனப்பாடம் செய்யும் பைத்தியக்காரத்தனத்துக்கு அது நல்ல மருந்து. ஆகவே தனிச்சொல்லாகப் படிக்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய வாக்கியமாகப் படியுங்கள். உரக்கடைக்காரர் உர மூட்டையின் மேலே இருப்பதைப் படிக்கட்டும். தாய்மார்கள் மருந்துச் சீட்டில் இருப்பதைப் படிக்கட்டும்.

பேச்சில் ஒரு எச்சரிக்கை. ‘கொடுங்கள்’ என்னும்போது நம் மரியாதை அந்த ‘உங்கள்’ வாலில் இருக்கிறது. அதை அப்படியே ‘கிவ் மீ வாட்டர்’ என்று பெயர்த்தால் கேட்கிறவனுக்கு அதிகாரமாகப் படும். அவன் மரியாதையைக் கேள்வியில் வைக்கிறான்: “குட் யூ கிவ் மீ சம் வாட்டர்?” மரியாதை இவ்வளவு போதும். பழைய மனு எழுதுகிறவர்கள் கற்றுக்கொடுத்த ‘ஐ மோஸ்ட் ஹம்ப்ளி பெக்’ என்கிற வாசகத்தை இந்த வகுப்பில் நுழைய விடாதீர்கள். ‘தாழ்மையாய்ப் பிச்சை கேட்கிறேன்’ என்பது அதன் அர்த்தம். ரேஷன் கார்டு கேட்பது பிச்சையா?

இங்கிலீஷ் நம்மிடமிருந்தும் வாங்கியிருக்கிறது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத் தண்ணீர் எல்லாம் அங்கே போயிருக்கின்றன. கூடவே ‘பறையர்’ என்ற பெயரும் போய், ‘பரையா’ என்று ஆகி, ஒதுக்கப்பட்டவன், தெருநாய் என்றெல்லாம் பொருள் பெற்று அகராதியில் இருக்கிறது. உழைக்கும் மக்களின் பெயரை இங்கிருந்த இழிவோடு சேர்த்தே அவன் ஏற்றுமதி செய்துகொண்டான். இன்றும் பத்திரிகைகளில் ஒரு நாட்டையோ மனிதரையோ திட்ட அச்சொல்லை எழுதுகிறார்கள். இந்த வகுப்பில் அதைச் சொல்லிக் கொடுங்கள். எங்கிருந்து போனது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

வகுப்பு தினம் இரவு எட்டு மணிக்கு. அவரவர் வீட்டில் படிக்க முடியாமல் வைத்திருக்கும் இங்கிலீஷ் காகிதம் ஒன்றை நாளைக்கு எடுத்து வாருங்கள். அதுதான் முதல் பாடம்.