முதுகுக்கு இறங்கும் நெஞ்சு வலி
(மேலப்பாளையத்தில் நமது அறக்கட்டளை நடத்திய மருத்துவ முகாமில் ஆற்றிய உரை)

 

போன மாதம் 32 வயது வாலிபர் ஒருவரை அடக்கம் செய்தோம். நெடுநெடுவென்று உயரம், 'பனைமரம்' என்று கேலி செய்வோம். இஷா தொழுது வந்தவருக்கு நெஞ்சில் கிழிப்பது போல் வலி, அப்படியே முதுகுக்கு இறங்கியது. வாய்வு என்று சோடா வாங்கிக் கொடுத்தோம். சொல்ல வெட்கம்தான். மூன்று மணி நேரம் கழித்து ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மவுத்தாகிவிட்டார்.

அவருடைய வாப்பாவும் 41 வயதில் இப்படித் திடீரென்று போனவர்தான். பிறகு தம்பிக்கு எக்கோ எடுத்தபோது பெருந்தமனி 4.8 சென்டிமீட்டருக்கு விரிந்திருந்தது. மார்ஃபான் நோய் என்றார் டாக்டர்.

இதயத்திலிருந்து கிளம்பும் இந்தப் பெரிய ரத்தக்குழாயின் சுவர் மூன்று அடுக்கு. மார்ஃபான் உள்ளவர்களுக்கு அது பிறவியிலேயே பலவீனம். உள் அடுக்கு கிழிந்தால் ரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து பிளந்துகொண்டே போகும். இதயத்தை ஒட்டிய பகுதி கிழிந்தால், முதல் இரண்டு நாளில் மணிக்கு நூற்றில் ஒருவர், இருவர் என்று இறக்கிறார்கள். மார்பைத் திறந்து, ரத்த ஓட்டத்தை இயந்திரத்துக்கு மாற்றி, கிழிந்த பகுதியை எடுத்துவிட்டு பாலியஸ்டர் குழாய் தைக்க வேண்டும். எல்லா ஊரிலும் நடக்கும் ஆபரேஷன் அல்ல. மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக நேர்ந்தால் மூன்று மணி நேரம் சாலையிலேயே போய்விடும்.

மாரடைப்பு என்று நினைத்து ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போட்டால் இதில் உயிருக்கே ஆபத்து. ஆகவே 108-ல் ஏறியதும் "எங்கள் குடும்பத்தில் இப்படி ஒருவர் இறந்திருக்கிறார், சிடி ஸ்கேன் பாருங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள்.

சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று அந்த உம்மாவைச் சிலர் பேசினார்கள். தவறு. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. யாரிடமும் இல்லாமல் புதிதாகவும் வரும்.

அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1986-ல் ஜப்பானில் ஆட்டத்தின் நடுவே இதனால் இறந்தார். அதன்பின் சோதித்ததில் அவர் சகோதரருக்கும் இருப்பது தெரிந்து, ஆபரேஷன் செய்து காப்பாற்றினார்கள். முன்கூட்டியே தெரிந்தால் மாத்திரை உண்டு, குழாய் கிழியும் முன்பே மாற்றவும் முடியும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கு இங்கேயே மனு எழுதித் தருகிறோம். அந்தத் தம்பியின் இரண்டு பிள்ளைகளை வரும் வியாழக்கிழமை எக்கோவுக்குக் கூட்டிப் போகிறோம். அளவுக்கு மீறிய உயரம், நீண்ட விரல், கண் லென்ஸ் விலகல் உள்ள பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் பெயர் கொடுங்கள். வேனில் இடம் இருக்கிறது.